டப்ளினில் பெய்வது சென்னை மழையில் பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தில் தோட்டக் குழாய்க்குத் தடை என்று செய்தி வரும்போதெல்லாம் ஊரிலிருந்து எழும் முதல் கேள்வி, "அங்கேதான் வருஷம் முழுக்க மழையாச்சே?" என்பது. டப்ளின் விமான நிலையத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 750 மில்லிமீட்டர். சென்னையில் அது சுமார் 1,400. சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. டப்ளினுக்கோ அதில் பாதி, ஆண்டு முழுவதும் தூறலாகப் பிரிந்து விழுகிறது. நனையும் நாள் அதிகம், சேரும் நீர் குறைவு. நாட்டின் மேற்கே, கெரி மாவட்டத்து வலன்ஷியாவில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழை மேற்கே, மக்கள் கிழக்கே என்பதுதான் இந்த நாட்டின் தண்ணீர்க் கதை.

இரண்டு மாத மழையைப் பிடித்து ஆண்டு முழுவதும் வைத்திருக்க நம்மவர்கள் ஏரி வெட்டினார்கள். அடுத்த வாரம் மழை வரும் என்று நம்பியே இங்கே குழாய் பதித்தார்கள். அதனால்தான் மே, ஜூனில் மூன்று வாரம் வானம் வெளுத்திருந்தால் போதும், நெருக்கடி வந்துவிடுகிறது. தொடர்ந்து 15 நாள், எந்த நாளிலும் 0.2 மில்லிமீட்டர் கூடப் பெய்யாவிட்டால் இங்குள்ள வானிலை மையமான மெட் எய்ரன் அதை முழு வறட்சி என்று பதிவு செய்கிறது. ராமநாதபுரத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வாரத்துக்கு மூன்று தூறலை நம்பி நிற்கும் மண்ணுக்கும் புல்லுக்கும் 15 நாள் நீண்ட காலம்.

2018 ஜூன் 28 அன்று ஷானன் விமான நிலையத்தில் வெப்பம் 32 டிகிரியைத் தொட்டது. ஜூலை 2 முதல் டப்ளின் வட்டாரத்திலும், சில நாளிலேயே நாடு முழுவதும் ரப்பர் குழாய்க்குத் தடை வந்தது. 2020இன் வசந்தம், டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் 1837இல் பதிவு தொடங்கியதிலிருந்து மிக வறண்டது. அந்த ஜூனிலும் தடை. 2025 மே மாதம் வெஸ்ட்மீத்தின் முல்லிங்கர் உட்படச் சில இடங்களில் மீண்டும். இவை புதுமையும் அல்ல. மேனூத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1765 முதலான 250 ஆண்டுகளுக்குத் தொகுத்த வறட்சிப் பட்டியலில் 1850களும் 1970களும் கடுமையாகவே இருக்கின்றன. 1970களுக்குப் பின் ஒரு தலைமுறை பெரிய வறட்சியைக் காணாமல் வளர்ந்ததால், பழசு மறந்துபோனது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வெயிலில் முதலில் தீர்ந்துபோவது ஏரி நீர் அல்ல, சுத்திகரித்த நீர். டப்ளின் வட்டாரத்தின் தண்ணீரில் பெரும்பகுதி லிஃபி ஆற்றை நம்பியது. பூலாஃபூக்கா அணையின் நீர் பாலிமோர் யூஸ்டஸ் நிலையத்திலும், கீழே ஆற்று நீர் லீக்ஸ்லிப் நிலையத்திலும் சுத்தமாகிறது. விக்லோ மலையின் வார்ட்ரி நீர்த்தேக்கம் கொஞ்சம் தருகிறது. மொத்தத் தேவை நாளுக்கு ஏறக்குறைய 60 கோடி லிட்டர். நிலையங்களால் தயாரிக்க முடிந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவே. வெயில் வந்து எல்லோரும் தோட்டத்துக்குக் குழாயைத் திருப்பினால் கையிருப்பாக இருந்த அந்தச் சிறு உபரியும் போய்விடும். அப்போது அணை பாதிக்கு மேல் நிறைந்திருந்தாலும் குழாய் இளைக்கும். "ஏரியில் தண்ணீர் தெரிகிறதே, ஏன் தடை?" என்பதற்கு இதுதான் பதில்.

ஊர் ஊராக உள்ள விநியோகத் தொட்டிகள் இரவில்தான் நிறைகின்றன, ஏனென்றால் இரவில் பயன்பாடு குறைவு. அது போதாத நாட்களில் நீர் நிறுவனமான இஷ்க எய்ரன் இரவு முழுக்க அழுத்தத்தைக் குறைக்கிறது. மேட்டிலிருக்கும் வீடுகளுக்கும் குழாயின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கும் முதலில் வரத்து நிற்கும். இந்த இடத்தில் நம்மவர்கள் செய்யும் ஒரு காரியம் நிலைமையைக் கெடுக்கிறது. தண்ணீர் வராது என்ற சொல் காதில் விழுந்ததும் அண்டா முதல் சொம்பு வரை நிரப்பி வைப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். சென்னையில் லாரி எப்போது வரும் என்று தெரியாத தெருவில் அது நியாயம். இங்கே ஒரு தெருவே இரவு ஒன்பது மணிக்குக் குளியல் தொட்டியை நிரப்பினால், வீட்டுக்கு 150 லிட்டர் வீதம், எந்தத் தொட்டி நிறைவதற்காக அழுத்தம் குறைக்கப்பட்டதோ அதுவே காலியாகும். நால்வர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 10 முதல் 15 லிட்டர் மூடி வைத்தால் ஓர் இரவுக்குத் தாராளம். மீதியைப் பரண் பார்த்துக்கொள்ளும்.

பரண் என்று சொன்னது சும்மா இல்லை. பழைய ஐரிஷ் வீடுகளில் கூரைக்கு அடியில், பரணில் ஒரு நீர்த்தொட்டி உண்டு. பெரும்பாலும் 200 முதல் 300 லிட்டர் பிடிக்கும். தெருக் குழாயிலிருந்து நேராக வருவது சமையலறையின் குளிர்நீர்க் குழாய் மட்டுமே. கழிவறை, குளியலறை, வெந்நீர் சிலிண்டர் எல்லாம் பரண் தொட்டியிலிருந்து. ஆகவே வரத்து நின்றால் முதலில் சமையலறைக் குழாய் வற்றும், கழிவறை ஓடிக்கொண்டே இருக்கும். "குளியலறையில் வருகிறதே" என்று அதைப் பிடித்துக் குடிக்கக் கூடாது. மூடி சரியில்லாத தொட்டியில் தூசி, பூச்சி, சில வீடுகளில் செத்த பறவைகூடக் கிடக்கும். வழக்கம்போலப் புழங்கினால் நால்வருக்கு இந்தத் தொட்டி அரை நாள்தான் தாங்கும். ஒரு தடவை ஃப்ளஷ் செய்ய 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டு பாருங்கள், மிச்சப்படுத்த வேண்டிய இடம் தெரிந்துவிடும். அடுக்குமாடிகளிலும் புதிய வீடுகளிலும் பொதுத் தொட்டி, பம்பு என்று அமைப்பு மாறும். எது எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டு உரிமையாளரிடம் மழைக்காலத்திலேயே கேட்டு வையுங்கள்.

தொட்டி வற்றும்போது கெட்டுப்போகும் முதல் பொருள் மின் ஷவர். சுவரிலிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்குள் பல வீடுகளில் ஒரு சிறு பம்பு இருக்கிறது. பரண் தொட்டியிலிருந்து அது உறிஞ்சும். தண்ணீருக்குப் பதில் காற்று வந்தால் இரைச்சல் கூடும், சூடேறும், சீல் போகும். நீர் இளைத்ததும் கூரையில் தொங்கும் கயிற்றை இழுத்து மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். வெந்நீர் சிலிண்டருக்குள் நீரைச் சூடாக்கும் இம்மர்ஷன் கம்பியையும் அணைத்து வைப்பது நல்லது. நீரில் மூழ்காமல் எரிந்தால் கம்பி கருகிவிடும்.

வரத்து திரும்பும்போதுதான் பிளம்பர்களுக்கு அழைப்பு குவிகிறது. சமையலறைக் குழாயை மெல்லத் திறந்து தெளியும் வரை விடுங்கள். பால்போல வெளுத்திருந்தால் அது காற்றுக் குமிழி. தம்ளரில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து மேலாகத் தெளியும், குடிக்கலாம். பழுப்பாக இருந்தால் குழாயில் படிந்த இரும்பும் மாங்கனீசும் கலங்கி வருகின்றன. தெளியும் வரை குடிக்கவும் கூடாது, வாஷிங் மெஷினில் வெள்ளைத் துணி போடவும் கூடாது. பரண் தொட்டியால் ஓடும் குழாய்களில் காற்று அடைத்திருந்தால், தொட்டி நிறைந்த பிறகு வீட்டின் கீழ்த்தளக் குழாயை முதலில், கொஞ்சமாகத் திறந்து வையுங்கள். திக்கித் திக்கி வந்து சீராகும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. குழாயோடு வந்த மணல் துகள் தொட்டியின் மிதவை வால்வில் சிக்கி, வால்வு முழுதாக மூடாது. கூரை ஓரத்தில் நீட்டியிருக்கும் வழிகுழாயிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று மறுநாள் வெளியே நின்று பாருங்கள். தட்டுப்பாடு முடிந்த வாரத்திலேயே நாள் முழுக்க நல்ல தண்ணீர் முற்றத்தில் சொட்டுவது இப்படித்தான்.

வீட்டுத் தண்ணீருக்குக் கட்டணம் 2016இல் பெரும் போராட்டத்துக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. பில் இல்லாததால் ஒழுகல் யார் கண்ணிலும் படுவதில்லை. பெரிய குழாய்களும் அப்படியே. 2018 வாக்கில் சுத்திகரித்த நீரில் பாதிக்குச் சற்றுக் குறைவானது தெருவுக்கு அடியிலேயே ஒழுகிப் போனது. பல ஆண்டு வேலைக்குப் பின் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வறட்சியில் களிமண் சுருங்கி நிலம் அசைவதால் பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் விரிசல் விடுகின்றன. தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் உடைப்பும் கூடுகிறது.

உங்கள் பங்கைச் சோதிக்க ஓர் இரவு போதும். வாசலுக்கு வெளியே நடைபாதையில் சிறு மூடி இருந்தால் அடியில் மீட்டர் இருக்கலாம். உறைபனிக்காக வைத்த ஃபோம் அடைப்பை எடுத்தால் இலக்கங்கள் தெரியும். கறுப்பு இலக்கம் கனமீட்டர், சிவப்பு அதற்குக் கீழானவை. கடைசியாகத் தண்ணீர் புழங்கி அரை மணி கழித்துத்தான் குறிக்க வேண்டும். அதற்குள் குறித்தால் பரண் தொட்டி நிறைவதே ஒழுகல்போலத் தோன்றும். காலையில் முதல் ஃப்ளஷுக்கு முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால், வீட்டுக்குள் வரும் நீரை அடைக்கும் வால்வை மூடுங்கள்; பெரும்பாலும் அது சமையலறை சிங்குக்கு அடியில் இருக்கும். அதற்குப் பிறகும் ஓடினால் ஒழுகல் மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையில். நிபந்தனைக்கு உட்பட்டு முதல் பழுதை இஷ்க எய்ரன் இலவசமாகச் சரிசெய்கிறது. நின்றுவிட்டால் குறை வீட்டுக்குள். அநேகமாகக் குற்றவாளி ஃப்ளஷ் டேங்கின் ரப்பர் சீல். டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி தொடாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் சீல் போய்விட்டது. சத்தமே இல்லாமல் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் இப்படிப் போகும்.

தடை உத்தரவு 2007ஆம் ஆண்டின் நீர்ச் சேவைச் சட்டப்படி வருகிறது. ரப்பர் குழாயால் தோட்டத்துக்கு ஊற்றுவது, சொந்தக் காரைக் கழுவுவது, குழந்தைகளின் நீச்சல் தொட்டியை நிரப்புவது எல்லாம் அடங்கும். மீறினால் 125 யூரோ. வாளியும் பூவாளியும் கொண்டு ஊற்றலாம். புல்தரைக்கு அதுவும் வேண்டாம். பழுப்பாகிப் போனாலும் வேர் உயிரோடிருக்கும், மழை வந்த ஓரிரு வாரத்தில் பச்சை திரும்பும். அரிசி கழுவிய நீரும் காய் கழுவிய நீரும் தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் போதும். அன்றன்றே, மாலையில், வேரில் ஊற்றுங்கள். மறுநாளைக்கு வைத்தால் நாறும்.

மழைநீர்ப் பீப்பாய் வைப்பதானால் பங்குனியிலேயே வையுங்கள். வறட்சியில் வாங்கிய பீப்பாய் வெறும் பிளாஸ்டிக். 40 சதுர மீட்டர் கூரையில் 5 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர், ஒரு பீப்பாய் நிறைந்துவிடும். கூரையிலிருந்து இறங்கும் குழாயை அறுத்து, நீரைப் பீப்பாய்க்குள் திருப்பிவிடும் இணைப்பைப் பொருத்தும்போது, அதன் வாய் பீப்பாயின் விளிம்பு மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். அப்போதுதான் நிறைந்ததும் மிச்சநீர் தானாகப் பழைய வழியே இறங்கும். உயரமாக வைத்தால் பீப்பாய் வழிந்து சுவர் ஊறும். நிறைந்த பீப்பாய் 200 கிலோ, அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் சாயும்.

கிராமங்களில் கதை வேறு. 2018இல் புல் வளர்ச்சி நின்று, குளிர்காலத்துக்கு வைத்த தீவனத்தை ஜூலையிலேயே மாடுகளுக்குப் போட்டார்கள். மண்ணின் ஈரப் பற்றாக்குறை, அதாவது மண் இழந்த ஈரத்தை ஈடுகட்டத் தேவையான மழை, 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் புல் தளரத் தொடங்கும். கறவை மாடு ஒன்றுக்கு நாளுக்கு 60 லிட்டருக்கு மேல், வெயில் நாளில் 80, 90 வரை வேண்டும். அதுவும் கறந்து முடித்ததும் மொத்த மந்தையும் ஒன்றாகத் தொட்டிக்கு வரும். நாள் கணக்கில் நீர் போதுமானதாக இருந்தாலும், அந்த ஒரு மணி நேரத்துக்கு மெல்லிய குழாய் ஈடுகொடுக்காது. அதே கோடையில், பழங்காலக் கல்லறை மேடான நியூகிரேஞ்ச் பக்கத்து வயலில், பழங்காலப் பள்ளங்கள் ஈரம் காத்த இடத்தில் மட்டும் பயிர் பச்சையாக நின்று, ஒரு பெரிய வட்டம் ட்ரோனின் கண்ணில் பட்டது. வறட்சிக்கு நன்றி சொன்னவர்கள் தொல்லியலாளர்கள் மட்டும்தான்.

ஷானன் ஆற்றின் பார்ட்டீன் பகுதியிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் குழாய் வழியே டப்ளினுக்கு நீர் கொண்டுவரும் திட்டத்துக்கு 2024இல் அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அது வந்து சேரும் வரை இன்னும் எத்தனையோ வெயில் வரும்.

தெருவுக்குத் தண்ணீர் டேங்கர் லாரி வந்து நின்றால் சுத்தமான பாத்திரம் கொண்டு போங்கள். அந்த நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். சொந்தப் போர்வெல் உள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. நீர்மட்டம் இறங்கும்போது பம்பு விட்டுவிட்டு ஓடினால் நிறுத்தி, சில மணி நேரம் கிணற்றில் நீர் ஊற விடுங்கள். அதைவிட ஆபத்தானது, வறட்சி முடிந்து கொட்டும் முதல் பெருமழை. கால்வே, கிளேர், ராஸ்காமன் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிகளில் வயலின் சாணக் கழிவு மண்ணில் வடிகட்டாமல் பாறை வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குள் இறங்கும். நீரில் சாணக் கழிவு கலந்ததைக் காட்டும் ஈ-கோலி கிருமியின் சோதனைக்கு மாதிரி எடுக்க ஏற்றதும் அந்தப் பெருமழையை அடுத்த நாட்கள்தான். முடிவு வரும் வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இப்படிக்கு,
குழாய்ப் பணியிலும் நீர்ப் பொறியியலிலும் உள்ள வாசகர்கள்,
டப்ளின்.