சோடியம் விரும்பிக் கொடுப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் உலோகங்கள் நேர் அயன்களாக, அதாவது இலத்திரனை இழந்து நேர் ஏற்றம் பெற்ற அணுக்களாக, மாறுவது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இப்படி எழுதுவது நல்ல காரியம். ஆனால் சோடியம் தன் கடைசி இலத்திரனை விரும்பிக் கொடுத்துவிடுகிறது என்ற வசனத்தை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. வன்னியில் நெடுங்காலம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இதைப் பாடமாக்கிய பிள்ளைகள் அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

உலோகம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை. சோடியத்தின் கருவில் நேர் ஏற்றமுள்ள 11 புரோத்தன்கள் இருக்கின்றன. வெளியே நிற்கும் அந்த ஒற்றை இலத்திரனையும் அவை இழுத்துப் பிடித்தபடிதான் இருக்கும். வாயு நிலையிலுள்ள ஒரு மூல் (அணுக்களை எண்ணும் அலகு) சோடியம் அணுக்களிலிருந்து அதைப் பிடுங்க 496 கிலோயூல் சக்தி வேண்டும். உப்பு உண்டாகையில் குளோரீன் அணுக்கள் அதை ஏற்று மறை அயனாகும்போது வெளிவருவது 349 கிலோயூல்தான். இதோடு நின்றால் நட்டம். நேர் அயனும் மறை அயனும் நெருங்கி வந்து சாலகமாக, அதாவது ஒழுங்கான பளிங்கு அடுக்காக, அடுக்கும்போது 787 கிலோயூல் வெளிவருகிறது. உப்பு உண்டாவதற்குக் காரணம் அதுதான். அதைச் சொல்லாமல் கொடுத்தலை மட்டும் சொன்னால் பாதிக் கதை.

சரி, இரண்டாவது இலத்திரனை ஏன் இழப்பதில்லை? அது உள் சக்தி மட்டத்தில், கருவுக்குக் கிட்ட இருக்கிறது. அதற்கு 4562 கிலோயூல் வேண்டும். அந்தச் செலவை எந்தச் சாலகமும் ஈடுகட்டாது. வெளி மட்டத்தில் எட்டு இலத்திரன் நிறைய வேண்டும் என்பதற்காக என்று எழுதினால் புள்ளி கிடைக்கலாம், விளக்கம் கிடைக்காது.

ஒரு பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் நிற்கிறது: "டீச்சர், இழந்தால் சயதானே வரவேணும், எப்படிச் சக வருது?" நியாயமான கேள்வி (சக என்பது +, சய என்பது −). போனது மறை ஏற்றமுள்ள இலத்திரன். கருவில் 11 புரோத்தன் அப்படியே இருக்க, இலத்திரன் 10 ஆகிவிட்டது. அதனால் ஒரு சக மிஞ்சுகிறது. இலத்திரன் எண்ணிக்கையில் அது 10 இலத்திரன் கொண்ட நியோன் வாயுவைப் போல ஆனதே தவிர, நியோனாக மாறவில்லை. கட்டுரையில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

உதாரணங்களும் எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கின்றன. எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் மோட்டார் போட்டவுடன் தெளிவாக வரும். இரவு முழுக்க வாளியில் வைத்தால் காலையில் மஞ்சளாகி, அடியில் செம்மண் போலப் படிந்திருக்கும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தோய்த்தால் கறை பிடிக்கும். நிலத்துக்கடியில் ஒட்சிசன் குறைவு. அங்கே இரும்பு இரண்டு இலத்திரன்களை இழந்த அயனாகக் கரைந்து கிடக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் மூன்றாவதையும் ஒட்சிசனிடம் இழக்கிறது. அந்த நிலையில் அது தண்ணீரில் கரைந்து நிற்காது, துருவாகப் படியும். சோடியம் ஒன்றோடு நிற்க, இரும்பு மூன்று வரை போவதும் சக்திக் கணக்கால்தான். இரும்பின் மூன்றாவது இலத்திரனைப் பிடுங்க 2957 கிலோயூல் போதும், சோடியத்தின் இரண்டாவதை விட எவ்வளவோ குறைவு.

அடுத்தது தகரம். மீள்குடியேறிய காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அதன் கீழேதான் வெயிலையும் மழையையும் கழித்தன. தகரம் என்று நாங்கள் சொல்வது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு. நாகம் இரும்பை விட இலகுவாக இலத்திரனை இழக்கும். அதனால் கீறல் விழுந்த இடத்திலும் முதலில் கரைவது நாகம்தான். அது தீர்ந்த பிறகே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று இதை விரைவாக்கும்.

ஆனையிறவு உப்பைப் பற்றியும் ஒரு திருத்தம். உப்பளத்தில் வெயில் காயும்போது சோடியம் இலத்திரனை இழப்பதாகப் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது கடலிலேயே அயனாகத்தான் கிடந்தது. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துவிடுகிறது. போருக்கு முன் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் அந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரீனும் கோஸ்டிக் சோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) எடுத்தார்கள். அந்தச் சோடாவிலும் சோடியம் அயனாகவேதான் இருந்தது. இழந்த இலத்திரனை அதற்குத் திருப்பிக் கொடுத்து உலோகமாக எடுப்பது அவ்வளவு கடினம். 1807இல் ஹம்பிரி டேவி உருகிய கோஸ்டிக் சோடாவுக்குள் மின்சாரம் பாய்ச்சித்தான் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிழமை அந்த ஒரு வசனத்தைத் திருத்தி, இந்தச் சக்திக் கணக்கையும் போடுங்கள். வாளித் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்து பார்க்கச் செலவில்லை, இரவு வைத்துவிட்டுக் காலையில் எழும்பிப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கிளிநொச்சி