மாகாண சபைத் தேர்தல் திகதி கேட்டுப் பாராளுமன்றத்துக்கு ஒரு மடல்

மாண்புமிகு பாராளுமன்ற உறுப்பினர்கள் 225 பேருக்கும்,

வணக்கம்.

போன மாரியில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் மதகு உள்ளிறங்கிவிட்டது. அம்மாவுக்கு வயது 84. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். ஓட்டோக்காரத் தம்பி வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, உதுக்குள்ள இறக்கினா வண்டி எழும்பாது" என்றான். நானும் மகனும் அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, முழங்காலளவு தண்ணீருக்குள்ளால் தூக்கிக்கொண்டு போனோம். நடுவழியில் அம்மா, "என்னை விட்டிட்டு நீங்கள் வீட்ட போங்கோ" என்று அழுதா.

இதை யாரிடம் முறையிடுவது? முதலில் உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அந்த வீதி தங்களுடையதல்ல, மாகாணத்துக்குரியது என்றார்கள். மாகாணத் திணைக்களம் ஒன்றில் கடிதம் கொடுத்தேன். முன்னுரிமைப் பட்டியலில் இல்லை, மேலே எழுதுங்கள் என்றார்கள். மேலேயும் எழுதினேன். "தங்கள் கடிதம் உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அது போய்ச் சேர்ந்தது நான் முதலில் கடிதம் கொடுத்த அதே மேசைக்குத்தான். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவர் பதில் சொல்ல வேண்டியது மேலிடத்துக்கு. எனக்கல்ல.

2015இலும் இதே மதகில் வெடிப்பு வந்தது. அப்போது எங்கள் பகுதி மாகாண சபை உறுப்பினரின் வீட்டுப் படலையில் விடியக் காலமை ஆறு மணிக்குப் போய் நின்றோம். பத்துப் பேர் ஏசினோம். உடனே ஒன்றும் நடக்கவில்லை. நாலு மாதம் கழித்துத்தான் கொங்கிறீற் போட்டார்கள். ஆனால் ஏசுவதற்கு ஒரு படலை இருந்தது. அடுத்த முறை எங்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டும் என்ற பயம் அந்த மனிதருக்கு இருந்தது. எங்களிடமிருந்து நீங்கள் எடுத்து வைத்திருப்பது அந்தப் படலையைத்தான்.

கணக்கு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். மாகாண சபைச் சட்டம் வந்தது 1987இல். 1988இல் வடக்கில் வாக்களிப்பே நடக்கவில்லை, போட்டியின்றித் தெரிவு என்று அறிவித்தார்கள். பிறகு யுத்தம். அது 2009 மேயில் முடிந்து நாலு வருடம் கழித்து, 2013 செப்டெம்பர் 21இல் வாக்களித்தோம். முட்கம்பியும் முகாமும் கண்ட சனம் காலையிலேயே வரிசையில் நின்றது. அம்மாவும் நின்றா. மகனுக்கு அப்போது 17 வயது. அப்பம்மாவைச் சைக்கிளில் ஏற்றி வந்துவிட்டு, அடுத்த முறை தானும் வாக்குப் போடலாம் என்று வாக்களிப்பு நிலைய வாசலில் காத்து நின்றான். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அந்த அடுத்த முறை இன்னும் வரவில்லை. இத்தனை வருடத்தில் யாழ்ப்பாணத்தார் தங்கள் மாகாண சபைக்கு வாக்களித்தது ஒரேயொரு தடவை.

தேர்தலைத் தடுத்து நிற்பது யுத்தமல்ல, பணமுமல்ல. உங்கள் சபையிலேயே செய்த சட்டம். பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கூட்டவென்று 2017இல் கொண்டுவந்த திருத்தத்தில், சட்டமூலத்தை வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றி, தொகுதி முறையையும் விகிதாசாரத்தையும் சேர்த்த கலப்பு முறையைப் புகுத்தினீர்கள். அதற்காகத் தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். தோற்ற அந்த அறிக்கையைப் பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு ஆராய்ந்து இரண்டு மாதத்தில் தன் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தக் குழுவின் அறிக்கை இன்றுவரை வரவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வாக்கு தொங்குகிறது.

அப்போது நாங்கள் இல்லை என்று உங்களில் பலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இப்போது இருப்பவர்கள் நீங்கள். கட்சிகள் பெறும் வாக்குக்கு ஏற்ப ஆசனம் கிடைக்கும் பழைய விகிதாசார முறைப்படி தேர்தலை நடத்த ஒரு சிறிய திருத்தம் போதும். அதற்கான தனிநபர் சட்டமூலங்களும் உங்கள் சபைக்கு வந்தன. அதை நிறைவேற்றித் தேர்தல் திகதியைச் சொல்லுங்கள்.

எங்கள் பழைய சபை நன்றாக நடந்தது என்று வாதாட நான் வரவில்லை. 38 பேரில் 30 பேர் ஒரே அணி. அப்படியிருந்தும் 2017இல் தங்கள் முதலமைச்சருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை போனார்கள். எங்களுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தை வாக்குச் சீட்டில் காட்டக் காத்திருந்தோம். அவர்களைத் தண்டிக்கும் உரிமையும் எங்களுடையது. அதையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

இது தமிழனுக்கு மட்டும் நடந்த அநியாயமும் அல்ல. ஒன்பது மாகாணங்களிலும் சபைகள் இல்லை. அநுராதபுரத்து விவசாயியும் எங்களைப்போலத்தான் கடிதத்தோடு அலைகிறார். ஆனால் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். ஆயுதத்தை விடு, வாக்கால் பேசு என்று எங்களுக்குச் சொன்னது இந்த நாடு. 2013இல் வாக்கால் பேசினோம். 2024இல் ஜனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் பேசினோம், 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தலிலும் பேசினோம். இந்த ஒரு சபைக்கு மட்டும் ஏன் எங்கள் வாயைக் கட்டி வைத்திருக்கிறீர்கள்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதகைக் கட்டித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. அதை நாங்கள் தெரிவுசெய்பவரிடம் கேட்டுக்கொள்கிறோம். அவரைத் தெரிவுசெய்ய விடுங்கள் என்பதுதான் என் பணிவான வேண்டுகோள். திருத்தத்தை நிறைவேற்றுங்கள். திகதியைச் சொல்லுங்கள். அம்மாவின் பெயர் இன்னும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. கதிரையில் தூக்கிக்கொண்டென்றாலும் கூட்டி வருவோம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர்