குமரி மாவட்ட வக்கீல்களுக்கு: மாதம் ஒரு சனிக்கிழமை தாருங்கள்

நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி என்று நம் மாவட்டத்து நீதிமன்றங்களில் என்னோடு கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், குறிப்பாக எனக்குப் பின்னால் பதிவு செய்துவிட்டு சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஊர்களில் நாம் நடத்தும் இலவச சட்ட ஆலோசனைக்கு வக்கீல்கள் போதவில்லை. மக்கள் வருகிறார்கள். கையில் காகிதத்தோடு வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் மேஜைக்குப் பின்னால் நானும் இன்னொருவரும் மட்டும்தான். இருட்டும்போது மிச்சம் இருப்பவர்களை அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் என்ன நடக்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

ஒன்று சொல்கிறேன். கருங்கல் பக்கம் ஒரு சர்ச் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அறுபத்தைந்து வயதிருக்கும், முப்பது வருஷத்துக்கு மேல் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைத்த அம்மா. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கறுத்துப் போயிருக்கிறது. ஜவுளிக்கடைப் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, ஆதார் நகல் மூன்று, ஒரு பழைய எல்ஐசி பாலிசி, கடைசியாக அடியில் மடித்து வைத்திருந்த ஒரு கோர்ட் கவர். ஒட்டியது ஒட்டியபடி. "கோர்ட்டு கடுதாசி வந்தா வாங்கப்படாதுன்னு சொன்னாவ மக்ளே, மொதல்ல வந்தத வாங்கல்ல. ரெண்டாவது வந்தத வாங்கிட்டேன், ஆனா பிரிக்கல்ல" என்றார். பிரித்தால் வழக்கு தன் தலையில் ஏறிவிடும் என்று நினைத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தோம். சொந்தக்காரர் ஒருவர் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீனாகக் கையெழுத்துப் போட்ட புரோநோட்டு. ஆஜராக வேண்டிய தேதி முடிந்து போயிருந்தது. வழக்கு நம்பரை போனில் இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்றத் தளத்தில் போட்டுப் பார்த்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது இவர் ஆஜராகாமலே தீர்ப்பு, ஆகி இருபத்தாறு நாள். அதை ரத்து செய்யக் கேட்டு மனு போட சட்டம் தரும் காலம் 30 நாள். நான்கு நாள் மிச்சம்!

மனு போட்டோம், தீர்ப்பு ரத்தானது, வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த அம்மா ஜெயிப்பாரா என்று எனக்குத் தெரியாது, கையெழுத்து அவருடையதுதான். ஆனால் எவ்வளவு பணம் திருப்பிக் கொடுத்தாயிற்று, யார் கையில் கொடுத்தார் என்றெல்லாம் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. அதற்கு அன்று எங்களுக்குச் செலவானது பதினைந்து நிமிடம். ஒரு கவரைப் பிரித்து வாசித்துச் சொல்ல ஆள் இருந்தது, அவ்வளவுதான். சம்மனை வாங்க மறுத்தால் அதையே சார்வு ஆனதாக, அதாவது கையில் கிடைத்ததாக, கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்பது நமக்கு முதல் வருஷத்திலேயே தெரிந்த விஷயம். ஊரில் இன்னமும் வாங்காதே, வாங்காதே என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, இது நான் செய்த தப்பு, மறைக்க விரும்பவில்லை. திருவட்டார் பக்கம், நான் இந்த வேலைக்கு வந்த புதிது. கொஞ்சம் சொந்த ரப்பரும் மிச்ச நேரம் கூலிக்குப் பால்வெட்டுமாக இருக்கும் ஒரு அண்ணன், ஷீட் வாங்கிய வியாபாரி கொடுத்த செக் திரும்பிவிட்டது என்று பேங்க் மெமோவோடு வந்தார். மெமோ கைக்கு வந்து இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. செக் வழக்கு போட வேண்டுமென்றால் மெமோ வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். நானோ நாலைந்து பேர் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் "திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வாங்க அண்ணே, அங்க வச்சுப் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அவர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தபோது நோட்டீஸ் காலமும் போய்விட்டது, செக்கைத் திரும்பப் போடலாம் என்றால் அதன் 3 மாதக் காலமும் முடிந்துவிட்டது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். மழை விட்டு அந்தத் திங்கட்கிழமைதான் மரத்தில் கத்தி வைத்தார்களாம், பல நாள் கூலி இல்லாமல் இருந்துவிட்டு அன்றைக்கு எப்படி லீவு போடுவது என்றார். சிவில் வழக்கு போடலாம்தான், ஆனால் அதற்கு எத்தனை வாய்தா, எத்தனை வருஷம்! அன்றைக்கே அந்த மேஜையில் வைத்து நோட்டீஸை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அரை மணி நேரம். அதற்கப்புறம் முகாமுக்குப் போகும்போது லெட்டர்பேடும் தபால் ஒப்புகை அட்டையும் என் பையில் எப்போதும் இருக்கும். "கோர்ட்டுக்கு வாங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, கேட்பவருக்கு அது ஒரு நாள் கூலி.

அதனால்தான் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை நாளில் காலை 11 மணிக்கு பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, முக்கால் மணி நேரம் உரை நிகழ்த்தி, அப்புறம் போட்டோ எடுத்துவிட்டு வருவதையும் முகாம் என்றுதான் சொல்கிறோம். அந்த நேரத்தில் குலசேகரத்தில் பால்வெட்டுபவர் விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய், வெட்டி, பால் எடுத்து, உறை ஊற்றிக்கொண்டிருப்பார். அண்டி ஆபீஸ் பெண்கள் உள்ளே இருப்பார்கள். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று மேற்கே போனால் ஆண்கள் தங்கலுக்குப் போய் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம், இல்லையென்றால் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கோயில் இருக்கும் ஊரில் விளக்கு வைக்கும் நேரம், நூலகத்திலோ சர்ச் ஹாலிலோ பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையிலோ ஒரு மேஜை போட்டால் போதும். பேனர் வேண்டாம். மைக் நிச்சயமாக வேண்டாம், தன் வீட்டு விஷயத்தை மைக் இருக்கும் இடத்தில் எந்தப் பெண்ணும் பேச மாட்டாள்.

பெண்கள் என்றதும் ஒன்று. 1976-இல் அரசியல் சாசனத்தில் இலவச சட்ட உதவியைச் சொல்லும் 39-ஏ சேர்ந்தது, 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் யாருக்கும் கிடையாது. ஆனாலும் கணவன் அடித்து விரட்டிவிட்டான் என்று வந்து நிற்பவளிடம் "முதலில் தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கிட்டு வாம்மா" என்று நம்மில் ஒருவர் சொல்லி அனுப்பியதை நானே கேட்டிருக்கிறேன். தெரியாமல் சொன்னதுதான். தெரிந்தவர்கள் அந்த மேஜையில் வந்து உட்காருங்கள் என்று அதனால்தான் கேட்கிறேன்.

நிலம், பங்கு. நம் மாவட்டத்தில் பாதிக்கு மேல் கேள்வி இதில்தான் வருகிறது, இதற்கு வெளியூர் வக்கீல் வந்து பதில் சொல்ல முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர், கடைசிச் சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும், வருஷம் 1118 என்று இருக்கும். புதிதாக வந்த ஒரு தங்கை அதைப் பார்த்துவிட்டு ஏதோ நம்பர் தப்பாக விழுந்திருக்கிறது என்றே நினைத்துவிட்டாள். கொல்லம் ஆண்டு, 825 கூட்டினால் 1943, சிங்க மாதத்தில், நம் ஆவணியில், வருஷம் பிறப்பதால் சில மாதங்களுக்கு 824 கூட்ட வேண்டும். இதையெல்லாம் புரட்டிய உடனே சொல்லிவிடும் பெரியவர்கள் நம் பார் ரூமில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், முகாமுக்கு வந்து ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், காகிதத்தை நாங்கள் கொண்டுவந்து காட்டுகிறோம்.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். அப்பா இறந்து நாலு மாதம், உயில் இல்லை. அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அண்ணன் விடுதலைப் பத்திரம் தயாராக வைத்திருக்கிறார், புதன்கிழமை சார்பதிவாளர் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார். "சீதனம் தந்தாச்சுல்லா, இனி எனக்குப் பங்கு இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க, ஒரு கையெழுத்துத்தானே சார்" என்று கேட்டாள். கிறிஸ்தவக் குடும்பம். 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான், சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய், 1986-இல் அந்தச் சட்டம் 1951-லேயே போய்விட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பு வாங்கினார். அப்படியென்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மிச்சத்தில் மகனும் மகளும் சரிசமம். தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆகியும் சீதனம் வாங்கியவளுக்குப் பங்கு இல்லை என்ற பேச்சு நம் ஊர்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, படித்த வீடுகளிலும்தான். நான் அந்தப் பெண்ணிடம் கையெழுத்துப் போடாதே என்று சொல்லவில்லை. உனக்கு என்ன உண்டு என்று முதலில் தெரிந்துகொள், விட்டுக்கொடுப்பதாக இருந்தால் தெரிந்து விட்டுக்கொடு என்றேன். அவள் புதன்கிழமை போகவில்லை. அண்ணனும் தங்கையும் இப்போது உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவள் பங்கில் கொஞ்சம் குறைத்தே வாங்கிக்கொள்வாள் போலிருக்கிறது. அது அவள் முடிவு.

சீனியர்கள் சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. இலவசம் என்றால் மதிப்பிருக்காது, அதோடு இங்கேயே எல்லாம் சொல்லிவிட்டால் ஜூனியர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று. ஜூனியர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், பஸ் காசுக்கு யோசித்த நாட்கள் எனக்கும் உண்டு. ஆனால் அந்த அண்டி ஆபீஸ் அம்மா முகாம் இல்லையென்றால் ஃபீஸ் கொடுத்து வேறு வக்கீலிடம் போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கவரைப் பிரிக்காமலே இருந்திருப்பார், ஒரு நாள் கோர்ட் ஊழியர் அமீனா ஜப்திக்கு வந்து நின்றிருப்பார். சீனியர்களிடம் நான் கேட்பது, மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் உங்கள் ஜூனியரை விட்டுக்கொடுங்கள். ஒரு சாயங்காலத்தில் இருபது பேர் பிரச்சினையைக் கேட்கிற பிள்ளை குறுக்கு விசாரணையிலும் தேறும்.

வருகிறவர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். முகாமில் பார்த்தவரைத் தன் கட்சிக்காரர் ஆக்கிக்கொள்ளக் கூடாது. வழக்கு தேவைப்பட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு மனு எழுதிக் கொடுத்து அங்கே அனுப்புங்கள், அவர்கள் வக்கீல் நியமிப்பார்கள். அங்கே நேரில் போக முடியாதவர்களுக்கு 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒரு முகாமில் ஒரே ஒருவர் விசிட்டிங் கார்டு நீட்டினால் போதும், அடுத்த மாதம் அந்த ஊரில் யாரும் வர மாட்டார்கள். இதை நான் ஒரு ஊரில் பார்த்து, திரும்ப நம்ப வைக்க ஒரு வருஷம் ஆனது.

இன்னொன்று, ஜெயிக்காத வழக்கை ஜெயிக்காது என்று சொல்லுங்கள். ஒக்கிப் புயல் அடித்தது 2017 நவம்பர் கடைசியில். அதற்கப்புறம் கடல்புறத்தில் நாங்கள் உட்கார்ந்தபோது ஆள் திரும்பி வராத வீட்டுப் பெண்கள் கேட்டது பெரும்பாலும் சட்டமே இல்லை. பாஸ்புக் அவர் பெயரில் இருக்கிறது, நான் என்ன செய்ய? வாரிசுச் சான்றிதழ் கேட்டால் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், உடம்பே கிடைக்கவில்லையே? எந்த ஆபீஸ், எந்த மேஜை, எந்தக் காகிதம், எது இப்போது நடக்கும், எது நடக்காது என்று ஒருவர் நேராகச் சொன்னால் போதும் என்றிருந்தது அவர்களுக்கு. அழுது முடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம் தாளில் ஒன்று இரண்டு என்று போட்டு எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருந்த ஒரு அக்காவை இரண்டு வருஷம் கழித்து சின்னத்துறையில் பார்த்தேன்.

சரி, வருவதாக இருந்தால் எந்த ஊர், எந்தச் சனிக்கிழமை என்று உங்கள் பார் ரூமில் நோட்டீஸ் போர்டு பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் பெயர் எழுதிவிடுங்கள். பைக் இல்லாதவர்கள் அதையும் எழுதுங்கள், போகிற வழியில் ஏற்றிக்கொள்கிறோம். வரும்போது வெள்ளைத்தாள் ஒரு கட்டு, இரண்டு பேனா, முடிந்தால் பவர் ஒன்றரையிலும் இரண்டிலும் ஒவ்வொரு வாசிப்புக் கண்ணாடி எடுத்து வாருங்கள். தன் காகிதத்தைத் தானே ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.