முட்டியின் அடியில் இருந்த மிச்சம்

திருகோணமலை
ஆவணி 5

அன்புள்ள குகன்,

சித்திரையில் நீ விமானம் ஏறிய பிறகு உன்னிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்றுக்கும் பதில் எழுதாமல் இருந்தது பெரிய பிழை. மன்னித்துக்கொள். அம்மா நலம். ரத்னாவுக்கு இடமாற்றம் சரிவந்துவிட்டது. செல்வம் மாஸ்டர் ஓய்வு பெற்ற பிறகும் காலை ஏழரைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டு நடப்பு இவ்வளவுதான். எழுத உட்கார்ந்தது வேறொரு விடயத்துக்காக.

போன மாதம் ஒருநாள் இரவு இரண்டரை மணிக்கு எங்கள் குசினியில் இஞ்சி பியர்ப் போத்தல் ஒன்று வெடித்தது. கண்ணாடித் துண்டுகள் அடுப்படி வரை பறந்து கிடந்தன. பகலில் சின்னவள் புத்தகத்துடன் உட்காரும் இடம் அது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தத் துண்டுகளைக் கூட்டி அள்ளும்போது என் கை நடுங்கியது.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீதான். லண்டனிலிருந்து பெட்டிக்குள் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தாயே இரண்டு போத்தல், உன் வீட்டுப் பியர்! எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து, குடிக்க விடாமல் முதலில் மணக்கச் சொன்னாய். நீ கிளாசுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடியதைப் பார்த்து அம்மா உனக்குத் தடிமன் என்று நினைத்து ஆவி பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வைத்தார். எனக்கோ அன்றுதான் ஒரு கதவு திறந்தது. தோடம்பழத் தோல், பிறகு மாங்காய்க் காம்பு முறிக்கும்போது வரும் பால் வாசம், கடைசியில் வேப்பம்பூவின் கசப்பு. ஒரு பழமும் போடவில்லை, எல்லாம் ஹொப்ஸ் பூவின் வேலை என்றாய். நெடுநேரம் கொதித்த பூ கசப்பைத் தரும், இறக்கும் நேரத்தில் போட்டது வாசத்தைத் தரும் என்றும் சொன்னாய். நாற்பத்தெட்டு வயது வரை பியர் என்றால் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. நீ போன பிறகு ஒரு லயன் ஸ்டவுட் வாங்கி, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடித்தேன். 8.8 சதவீதம் என்ற பயத்தில் இத்தனை வருடம் தொடாமல் விட்டிருந்தேன். எரிந்த கோப்பியும் பனங்கட்டியும் அதற்குள் இருந்தன. நம் நாட்டிலேயே இருந்தது, குகன்!

நீயும் காய்ச்சு என்று சுலபமாக எழுதிவிட்டாய். உங்கள் ஊரில் 1963இலேயே வீட்டுப் பியருக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. நான் ஓர் அரச உத்தியோகத்தன். அதனால்தான் இஞ்சி பியருக்குப் போனேன். இஞ்சியைக் கழுவி, தோல் சீவாமல் துருவி, சீனியும் தண்ணீரும் சேர்த்து ஒரு போத்தலில் வைத்துத் தினமும் கொஞ்சம் ஊட்டினேன். தோலில் இருக்கும் மதுவமே, அதுதான் ஈஸ்ட், புளிக்க வைக்கப் போதும். ஒரு கிழமை ஆகும் என்று நீ எழுதியிருந்தாய். கச்சான் காற்றில் மூன்றாம் நாளே நுரை பொங்கியது.

பிழை எங்கே நடந்தது என்று இரண்டு நாள் இருந்து கணக்குப் பார்த்தேன். நீ புளிப்பு முழுக்க முடிந்த பிறகு லீற்றருக்கு ஆறேழு கிராம் சீனி போட்டு அடைக்கிறாய். ஒரு கிராம் சீனி புளித்தால் ஏறக்குறைய அரைக் கிராம் காபனீரொட்சைட்டு வரும். நான் லீற்றருக்கு நூறு கிராம் சீனி போட்டு, அது புளித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிப் போத்தலில் அடைத்திருக்கிறேன். எல்லாம் புளித்திருந்தால் உன் பியரைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வாயு வந்திருக்கும். எந்தப் போத்தல் தாங்கும்? இப்போது பிளாஸ்டிக் சோடாப் போத்தலில்தான் அடைக்கிறேன். கையால் அமத்திப் பார்த்து, கல்லைப் போல இறுகியதும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். இங்கே அதற்கு ஒரு பகல் போதும். இருந்தாலும் பிள்ளைகள் குடிப்பது, அதில் மதுசாரம் எவ்வளவு சேர்கிறது என்பது என்னை உறுத்துகிறது. சீனி எவ்வளவு மிச்சம் என்று மிதந்து காட்டுமே உன் கண்ணாடிக் குழாய், அதில் ஒன்று கொண்டுவா. அதுவரை சின்னவளுக்குத் தேசிக்காய்த் தண்ணீர்தான்.

போத்தல் வெடித்த கதையைச் சின்னராசா அண்ணையிடம் சொன்னேன். மூதூர்ப் பக்கம் இன்னும் பனை ஏறுகிறார். அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் மூடி வைக்கிறீர்கள், தம்பி. நாங்கள் மூடுவதில்லை" என்றார். பிறகு கள் இறக்கும் மண் முட்டியை எடுத்துக் காட்டினார். நேற்றைய கள்ளின் மண்டி அடியில் இருந்தது. தண்ணீர் விட்டு ஓர் அலசு அலசுவாராம், தேய்த்துக் கழுவ மாட்டாராம். அந்த மிச்சம்தான் அடுத்த நாள் கள்ளைப் புளிக்க வைக்கிறது. புளிக்காத இனிப்புக் கருப்பணி வேண்டுமென்றால் உட்பக்கம் சுண்ணாம்பு பூசிக் கட்டுவார், புளிப்பு அடங்கிவிடும்.

அப்போதுதான் உன் இரண்டாம் கடிதம் நினைவுக்கு வந்தது. மேற்கு நோர்வேயின் பண்ணை வீடுகளில் க்வைக் என்றொரு மதுவத்தை மர வளையங்களில் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தார்கள் என்று எழுதியிருந்தாய். உன் வழக்கமான மதுவம் இருபது பாகை வெப்பத்தைத் தாண்டினால் முகம் சுளிக்கும், இதுவோ முப்பத்தைந்திலும் சுத்தமாகப் புளிக்கும் என்றும் எழுதியிருந்தாய். வாசித்தபோது ஒரு புதினமாகத்தான் பட்டது. முட்டியைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அவர்களுடைய வளையமும் இவருடைய முட்டியும் ஒரே வேலையைச் செய்கின்றன. வித்தியாசம், அந்த வளையத்தை அவர்கள் வீட்டுச் சொத்தாக வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்த மதுவத்தை இன்று பொதி செய்து உலகமெல்லாம் விற்கிறார்கள். சின்னராசா அண்ணையின் மகன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். மனிதருக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வீங்கியிருக்கிறது. அடுத்த பருவத்தோடு ஏறுவதை விட்டுவிடுவேன் என்கிறார். எந்தப் பனையின் கள் இனிக்கும், எது கடுக்கும் என்று நின்ற இடத்தில் சொல்லுவார். நான் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன், ஏழு மரங்கள் முடிந்திருக்கின்றன. ஆனால் எனக்கு உன் நாக்கு இல்லை.

நாம் இருபது வயதில் தவறணைக்குப் பின்பக்கம் பனையோலைப் பிளாவில் வாங்கி, யாரும் பார்க்க முன்னர் மூச்சுவிடாமல் விழுங்கினோமே, அது கள்ளைச் சுவைத்தது ஆகுமா? நீ ஹொப்ஸுக்குக் கொடுக்கும் மரியாதையை ஒரு நாள் அதற்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும். விடியக்காலை இறக்கியது, பத்து மணிக்கு, பின்னேரம் புளித்த பிறகு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

ஆகவே அடுத்த முறை மார்கழி லீவுக்கு வராதே. அப்போது இங்கே மழை, மரம் வழுக்கும். பங்குனிக்கு வா. சின்னராசா அண்ணையிடம் சொல்லிவிட்டேன், உனக்காக இரண்டு மரம் தனியாகக் கட்டுவதாக ஒப்புக்கொண்டார். டிக்கெட் எடுத்ததும் திகதியை எழுது, அவர் பாளை தட்டத் தொடங்குவதற்கு முன்னர் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ரவி

பி.கு.: அம்மா கேட்கிறார், உன் தடிமன் சுகமா என்று.