செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் இயங்கும் நம் லாரி உரிமையாளர் சங்கத்தின் செயற்குழு இவ்வாண்டு ஆறு முறை கூடியது. ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனை முகாமும் ஆயுத பூசையும் வழக்கம்போல் நடந்தன.

டீசல் செலவைக் குறைக்க வண்டியின் அமைப்பைத் திருத்தும் பணியைச் சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுவதால், 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 80-ஐத் தொட்டால் அது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகிறது. கேபினுக்கு மேலே இரண்டடி, மூன்றடி உயர்ந்து நிற்கும் லோடின் முகப்பில் அந்தக் காற்று நேராக மோதுகிறது. ஆகவே கேபின் கூரைமேல் சாய்வான தகடு பொருத்தி, கேபினுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, தார்ப்பாய் படபடக்காதபடி இழுத்துக் கட்டும் முறையை, பாடி கட்டும் பட்டறையாரிடம் பேசி என் சொந்த வண்டியிலேயே முதலில் செய்து பார்த்தேன். மைலேஜ் கூடியது. ஆனால் ஓட்டுநரும் அந்த மாதங்களில் நிதானமாக ஓட்டினார் என்பதால், முழுப் பெருமையையும் தகட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

தொப்பூர் கணவாயில் இது எதற்கு என்று சிலர் கேட்டது நியாயமே. வண்டி ஊர்ந்து ஏறும் இடத்தில் டீசலைக் குடிப்பது எடைதான். அங்கே பாடியின் வெற்றெடையைக் குறைப்பதே பயன் தரும். தாழ்வாகக் கிரானைட் கல் ஏற்றும் வண்டிகளில் தகடே காற்றை மறிக்கும் என்பதால், அவர்களுக்கு வேண்டாம் என்று நானே சொன்னேன். வாணியம்பாடி, வேலூர் வழியே சென்னைக்கு உயரமான லோடு ஏற்றி ஓடுபவர்களுக்கே இது ஏற்றது. எளிதாக உருளும் ரேடியல் டயரும் அதில் சரியான காற்றும் மட்டும் எல்லோருக்கும் எல்லாச் சாலையிலும் உதவும்.

டேங்கை முழுதாக நிரப்பி, ஓடிய தூரத்துக்கு ஆன டீசலைக் கணக்கு எழுதும் குறிப்பேட்டை 32 உறுப்பினர்கள் பெற்றுச் சென்றனர். திருப்பித் தந்தவர்கள் ஐவர். இரண்டு விளக்கக் கூட்டங்களில் நாற்காலிகளே மிகுதி. ஒரே வழித்தடம், ஒரே எடை, ஒரே ஓட்டுநர் என ஒப்பிடக் கணக்கு இல்லாமல் எந்த மாற்றம் பயன் தந்தது என்று நான் எப்படி உறுதி கூறுவது?

வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துள்ளன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி சென்ற ஆண்டினும் கூடியிருக்கிறது. தலைவர், பொருளாளர், பட்டறைத் தொழிலாளர், ஓட்டுநர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை ஏற்க எவர் முன்வந்தாலும் மனநிறைவோடு ஒப்படைப்பேன். நானே தொடர்வதானால், பாக்கி வசூலானால்தான் சங்கத்துக்கென டயர் காற்றழுத்த மானி வாங்கவும் மேலும் மூன்று வண்டிகளில் தகடு பொருத்தவும் முடியும். குறிப்பேடு வைத்திருப்பவர்கள், பாதி எழுதியதாயினும், இன்றே அலுவலக மேசையில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்