பூக்கார அப்பத்தாவுக்கும் புதுக்கோட்டைக்கும் நன்றி

பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப் போன இடத்தில் காணாமல் போன எங்கள் பிள்ளை கிடைத்துவிட்டாள். நன்றாக இருக்கிறாள், ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், நேற்று பள்ளிக்கும் வந்துவிட்டாள். அன்று மாலையிலிருந்து நடந்ததெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டுமே இந்த மடல்.

தெருத்தெருவாகச் சுற்றிய ஆட்டோக்காரர்கள், பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்த்த கல்லூரித் தம்பிகள், அவள் படத்தை வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக அனுப்பியவர்கள், காவலர்கள், பூட்டிய அறைகளை மறுபடி திறந்து விளக்குப் போட்டுத் தேடிய அருங்காட்சியக ஊழியர்கள், காசு வாங்க மறுத்த டீக்கடை அண்ணன். உங்களுக்கெல்லாம் எங்கள் ஊரே கடன்பட்டிருக்கிறது.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவர் தேடப் போகவில்லை. அதனால் அவர் செய்தது யார் கண்ணிலும் படவில்லை.

நாங்கள் தேடி அலைந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் திருக்கோகர்ணம் கோயில் பக்கம் ஒரு டீச்சரோடு உட்கார்ந்திருந்தார்கள். இருட்டிவிட்டது. ஒருத்தி அழ ஆரம்பித்ததும் எல்லோரும் அழுதிருக்கிறார்கள். அங்கே பூ விற்கும் அப்பத்தா கூடையை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகள் நடுவில் வந்து உட்கார்ந்தாராம். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கறுத்துப்போன ஒரு சின்னச் செப்புக் காசை எடுத்து முதல் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாராம்.

அது அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காசு. ஒரு பக்கம் அந்தக் கோயில் அம்மன் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. ஓர் அணாவுக்கு 20 காசு. அதே காசைப் பற்றித்தான் அன்று மத்தியானம் அருங்காட்சியகத்தில் நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது, பார்க்க எவ்வளவோ இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த காசு எந்தப் பிள்ளையின் மனதிலும் ஒட்டவில்லை.

அப்பத்தா சொன்னாராம்: “இந்தா, கோயிலுக்குள்ள இருக்கா பாரு, அரைக்காசு அம்மன், அவதான் இதுலயும் இருக்கா. தொலைஞ்சதைத் தேடிக் குடுக்குற ஆத்தா. ஆளுக்கு ஒருவாட்டி கையில வச்சு வேண்டிக்கங்க. கெடைச்சதும் வெல்லம் வச்சுருவோம்.”

காசு கை மாறிக்கொண்டே போயிருக்கிறது. அழுகை நின்றதும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஏன் தெலுங்கு எழுத்து? இதுக்கு என்ன வாங்கலாம்? மகாராசாவைப் பார்த்திருக்கீங்களா? தன் அம்மா இந்தக் காசுக்கு உப்பும் கீரையும் வாங்கிய கதையையும், நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் தானம் கொடுத்ததையும் அப்பத்தா சொல்லச் சொல்ல, பிள்ளைகள் பயத்தை மறந்து கேட்டிருக்கிறார்கள். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். அப்பத்தாவுக்கு அது தன் வீட்டில் நடந்த விஷயம்.

எல்லாம் முடிந்து அவர் பெயரைக் கேட்டேன். “பேரு எதுக்குத் தாயி, பிள்ளை வந்துருச்சுல்ல” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று காலை சித்தன்னவாசலில், தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஒரு கல்வெட்டின் முன் நின்றோம். 9ஆம் நூற்றாண்டில் அந்தக் குடைவரையைச் செப்பனிட்டவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று சொல்லும் கல்வெட்டு. செய்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மண் இது. உங்கள் பெயரை எழுத எனக்கு வழியில்லையே என்ற குறை மனதில் இருக்கிறது, அப்பத்தா.

இனி பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அக்கறையில் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் போவோம். அடுத்து திருமயம் கோட்டைக்கும், மூன்றில் இரண்டு மட்டும் எஞ்சி நிற்கும் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கும். இந்த முறை பெற்றோரும் கூட வருகிறார்கள், அவர்களே கேட்டார்கள். அப்புறம், எங்கள் ஊரில் யார் வீட்டிலாவது பழைய மரக்கால், உழக்கு, ஓலைச்சுவடி, காசு எதுவும் இருந்தால் பள்ளிக்குக் கொடுக்கக்கூட வேண்டாம். ஒருநாள் எடுத்து வந்து பிள்ளைகள் தொட்டுப் பார்க்க விடுங்கள், போதும்.

அப்பத்தா, வரும் வெள்ளிக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெல்லத்தோடு கோயிலுக்கு வருகிறோம். காசை மறக்காமல் எடுத்து வாருங்கள். வகுப்பில் அதை இன்னும் கையில் வாங்கிப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான். நேற்று முழுக்க அதைச் சொல்லித்தான் சண்டை போட்டாள்.