தம்பியின் காகிதம்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பூனாவில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காலையில் தலைக்குக் குளிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி நேற்று 400 மீட்டரை 54 நொடியில் ஓடினான். கோச்சின் வாட்சிலும் அதேதான். முன்பெல்லாம் முதல் வளைவிலேயே உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, கடைசி நூறில் கால் கல்லாகி நிற்பான். அதனால் 200 மீட்டர் முடியும் இடத்தில் சிவப்புத் துண்டோடு நான் நிற்கிறேன். துண்டு தெரிகிறவரை அடக்கி ஓடணும், தெரிந்ததும் விட்டு ஓடணும். போட்டியில் துண்டுக்கு இடமில்லை என்று கோச் சொன்னதால் இந்த வாரம் வெறுங்கையோடு நின்றேன். அப்போதும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினான்.

முதல் வருஷம் நினைவிருக்கிறதா? வெளி லேன்காரன் முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, "அவன் இப்பவே ஜெயிச்சிட்டான்" என்று லேனிலேயே உட்கார்ந்துவிட்டானே! வெளி லேனில் சுற்று நீளம், அதனால்தான் முன்னால் நிற்கிறான் என்று இப்போது தம்பியே சின்னப் பையன்களுக்கு விளக்குகிறான். 200 மீட்டர்தான் அவனுக்கு உயிர். என்ன செய்ய, பாராலிம்பிக்ஸில் இவனைப் போல அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் டீ20 பிரிவில் ஓட்டம் என்றால் 400, 1500 மட்டும்தான். டீ20 என்றதும் கிரிக்கெட் என்று நினைத்தவன்தானே நான்.

சரி, அந்தப் பிரிவில் சேர நீ கேட்ட காகிதம். ஐ.க்யூ. 75-க்குள் இருக்கணும், சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்று காட்டணும் என்கிறாய். அவனோடு ஐந்து நிமிஷம் பேசினால் தெரியாதா? 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் இவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வாங்கியதே, 12 பேரில் 10 பேருக்கு ஒரு குறையும் இல்லையாம். அந்தப் பித்தலாட்டத்துக்காக இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லோரையும் வெளியே நிறுத்தி, 2012 லண்டனில்தான் திரும்பச் சேர்த்தார்கள். எவனோ செய்ததற்கு நம் பிள்ளை காகிதம் காட்டணும்.

நீயும் மூன்று தடவை கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாய். அம்மாவோடு அரைமணி நேரம் பேசுகிறாய், போன் என் கைக்கு வந்தால் "வேலை இருக்குப்பா" என்கிறாய். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவனுக்காக ஃபாரம் நிரப்புகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். எந்த அக்கா செய்வாள்? ஆனாலும் அப்பாவிடம் இவ்வளவு வைராக்கியம் ஆகாதும்மா. நேரத்துக்குச் சாப்பிடு.

தீப்தி ஜீவன்ஜி என்று வாரங்கல் பக்கத்துப் பெண். 2024 பாரிஸில் இதே டீ20 பிரிவு 400 மீட்டரில் 55.82 நொடியில் ஓடி வெண்கலம் வாங்கியவள். அவளுடைய பெற்றோர் பேசிய வீடியோவைத் தம்பி தினமும் போடச் சொல்கிறான். ஊரே ஏளனம் செய்திருக்கிறது. அந்தக் கூலிக்காரத் தாய் தகப்பன் மகளை மறைக்கவில்லை. எனக்கு அதை முழுசாகப் பார்க்க முடியவில்லை.

காகிதம் வீடு மாறியபோது தொலையவில்லை, பாப்பா. உன்னைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம், வெந்நீர் அடுப்பில் நான்தான் போட்டேன். அவனுக்கு ஏழு வயதில் டாக்டர் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட், நாலு பக்கம். அவர்கள் வந்த அன்று அவனை அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுக்கு அனுப்பினோமே, பரீட்சை லீவு என்று சொல்லி. அப்போது அவனுக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. உன்மேல் பழி போடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்கவுமில்லை. எனக்குத்தான் வெட்கம். பிறகு அவர்களுக்கே தெரிந்து, தம்பிக்கு ஷூ வாங்கி அனுப்பினார்கள். அன்றைக்காவது உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிச் சீட்டு நம்பர் என் பழைய டயரியில் இருக்கிறது. நாளை போய் நகல் கேட்கிறேன். பன்னிரண்டு வருஷத்துப் பதிவை வைத்திருப்பார்களோ என்னவோ. அவன் முதல் பள்ளிக்கூடத்திலும் கேட்கிறேன்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லிவிடாதே. இன்று காலையும் அந்த முழங்காலோடு பரணில் ஏறி டிரங்குப் பெட்டியைக் கிளறினாள். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா